அக்கரை வழக்கப்படி

கையுறைத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளர். பெயர் தையலால் வந்ததல்ல, வாயால் வந்தது. போதாக்குறைக்கு எதையும் மறக்கவும் மாட்டாள். தன் கல்யாணப் பந்தலில் நாத்தனார் சொன்ன ஒரு சொல்லுக்கு, அந்த நாத்தனாரின் மகள் கல்யாணம் வரை காத்திருந்து பதில் சொன்னவள்.

முதலாளி அவளுக்குப் பெரியப்பா மகன். ஆற்றுக்கு இக்கரையில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இருவரில், பெரியவர் மில் வேலைக்காக அக்கரை போனார். சின்னவர், அதாவது ஊசியின் அப்பா, இடுப்பெலும்பு முறிந்து கிடந்த தாத்தாவைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். தாத்தா எழுந்து உட்காருவதற்குள் ஆறு நாட்டெல்லையாகிவிட்டது, படகும் நின்றுபோனது. பிறகு அக்கரையில் துறைமுகம் வந்தது, அணையாத விளக்கு வந்தது, நல்ல பள்ளிக்கூடங்கள் வந்தன. இக்கரையில் ஆட்சிகள் வந்தன, போயின. நல்ல சாலை மட்டும் வரவே இல்லை. பெரியப்பா மகன் படித்தான், கம்பெனி வைத்தான். ஊசியின் அப்பா மூட்டை தூக்கினார். எல்லை திறந்ததும், கூலி மலிவென்று அவன் இக்கரைக்கு வந்து, குளிர்நாட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் தோல் கையுறைகளைத் தைக்க ஆலை கட்டினான். தங்கைக்கும் வேலை கொடுத்தான். அதுவரைக்கும் அவன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆலையின் முதல் ஆண்டு நிறைவுக்குச் சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரே ஆறு, ஒரே முகஜாடை, அந்தப் பக்கம் மாடிவீடு, இந்தப் பக்கம் தகரக்கூரை, இது எப்படி என்று அவர்களில் ஒருவர் கேட்டார். முதலாளிக்குப் பேசக் கேட்கவா வேண்டும்.

"மண்ணு, வெயிலுன்னு ஆயிரம் சொல்வாங்க. நான் ரத்தம்னு சொல்றேன். துணிஞ்சவன் ஆத்தைத் தாண்டினான், அவன் பிள்ளைங்க துணிச்சலோட பொறந்தாங்க. சோம்பேறி இங்கயே உக்காந்துட்டான். எங்க வீட்டையே எடுத்துக்கங்க. அப்பா போனாரு. சித்தப்பா..." என்று கையை விரித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்த அப்பாவும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஊசியால் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான். வீட்டுக்கு நடக்கும்போது அவர், "நானும் போயிருக்கணுமோ என்னவோ" என்றார். சோம்பேறி என்ற அந்தச் சொல்லை அண்ணனே தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, அப்பா முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஊசி அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வழியை அவனே போட்டுக் கொடுத்தான். மழைக்காலத்தில் பெரிய ஆர்டர் ஒன்று பிடித்த கையோடு, அக்கரை ஆலையின் விதிகளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டி, இனி எல்லாம் அந்த ஊர் வழக்கப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மோட்டார் பெல்ட்டை மெக்கானிக் தவிர யாரும் தொடக்கூடாது. பெட்டி ஏற்றுவது லோடுமேன் வேலை. மணியடித்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தினமும் மத்தியானம் கரண்ட் போகும். பெண்கள் தாங்களே மோட்டார் பெல்ட்டைக் கழற்றி, கால்மிதி பெல்ட்டை மாட்டி மிதித்துத் தைப்பார்கள். பள்ளச் சாலையில் தண்ணீர் நின்றால் பெட்டிகளைத் தலையில் சுமந்து மேட்டுச் சாலை லாரிக்குக் கொண்டுபோவார்கள். சொன்னால் ஆலையை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவானோ என்று பயந்து யாரும் வாய் திறந்ததில்லை. சரக்கு நேரத்துக்குப் போவது தன் நிர்வாகத் திறமை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கை கழுவும் குழாயடியில் ஊசி பெண்களைக் கூட்டினாள். இனி விதிப்படிதான் என்றாள். ஆலை மூடினால் எதிர்வரிசைத் தார்ப்பாய்க் கம்பெனி எல்லோரையும் எடுத்துக்கொள்ளும், கூலி கொஞ்சம் குறையும், அதையும் பேசி வைத்திருக்கிறேன் என்றாள். கால்வலிக்காரி ஒருத்தி, மிதிக்கிற பாடாவது மிச்சம் என்று சிரித்தாள். விரல் தைப்பவள் சிரிக்கவில்லை.

"உங்கப்பாவுக்கு மானம்க்கா. எனக்கு அடுப்பு."

ஆனாலும் ஊசி பின்வாங்கவில்லை.

கரண்ட் போனதும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக் ஒருவன்தான். வேர்த்து வழிய மூன்று மெஷினுக்குப் பெல்ட் மாற்றுவதற்குள் கரண்ட் வந்தது, மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. தைத்த பெட்டிகளும் பள்ளச் சாலைக்கு இந்தப் பக்கமே கிடந்தன. அக்கரையிலிருந்து போனில் கத்தியவனிடம் ஊசி, உங்கள் சட்டப்படிதான் நடக்கிறது அண்ணா என்று பணிவாகச் சொன்னாள்.

கடைசியில் அவனே கிளம்பி வந்தான். வழியெல்லாம் புயல் மழை, போனில் சிக்னல் இல்லை. சாயங்காலம் தொப்பலாக நனைந்து அவள் வீட்டு வாசலில் நின்றான்.

"வாப்பா, உள்ள வா" என்று அப்பா எழுந்தார்.

"அங்கயே நிக்கட்டும்பா."

விடிவதற்குள் பெட்டிகள் லாரி ஏற வேண்டும், காலையில் அக்கரைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்புகிறது, இல்லாவிட்டால் கம்பெனியே போய்விடும், பெண்களைக் கூப்பிடு என்று கெஞ்சினான்.

"அவளுங்க சோம்பேறிங்க அண்ணா. ரத்தம் அப்படி. நமக்கு ஒரே தாத்தாதானே, உங்க உடம்புலயும் எங்கயாவது ஓடும், பாத்துக்கங்க."

அவன் தலை குனிந்தான். "சித்தப்பா, அன்னைக்கு நான் பேசினது தப்பு."

"எது தப்புன்னு சொல்லுங்க" என்றாள் ஊசி.

"நீங்க சோம்பேறித்தனத்துல நிக்கல. தாத்தாவுக்காக நின்னீங்க." முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டான். "நீங்க நின்னதாலதான் எங்கப்பாவால போக முடிஞ்சுது."

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இப்பவாவது கூப்பிடுறியா?"

"புயலுக்குப் பயந்து மத்தியானமே கப்பலைக் கிளப்பிட்டாங்களாம். லாரி ஆபீஸ்ல சொன்னாங்க."

"தெரிஞ்சேவா என்னைப் பேச விட்ட?"

"ஆமா."

பையன் நடுங்குகிறானே, தலை துவட்ட ஏதாவது கொடும்மா என்றார் அப்பா. அவள் அசையவில்லை. அவரே தன் துண்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வருவதற்குள், ஊசி கதவைச் சாத்தியிருந்தாள்.