செசி நம்பர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். அம்மாவின் தம்பியான மாமா தன் பெயரை மட்டும் மூன்று மொழிகளிலும் அழகாக எழுதுவார். அப்பாவுக்கு இலக்கங்கள் தெரியும், எழுத்துகள் தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏறுவார். பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் அவருக்கு வெறும் அலங்காரம். ஆகவே எட்டாம் வகுப்பிலேயே நான் வீட்டுக்கு வாசித்துச் சொல்பவளாகிவிட்டேன். தண்ணீர் பில், கோயில் அறிவித்தல், மருந்துத் துண்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். தேவைக்கு அதிகமாக நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் காக்கவைத்துத்தான் வாசிப்பேன்.

அப்பாவிடம் ஒரு பழைய சின்ன லொறி இருந்தது. கொச்சிக்கடைப் பண்டகசாலைகளிலிருந்து கடைகளுக்குச் சாமான் ஏற்றுவார். எங்கள் சாப்பாடு, என் சப்பாத்து, என் கொப்பிகள் எல்லாம் அந்த லொறிதான். துறைமுகக் காற்று உப்புக் காற்று. எங்கள் கொட்டாஞ்சேனையில் ஜன்னல் கம்பிகூட அதற்குத் தாக்குப்பிடிக்காது. லொறியோ பகல் முழுவதும் அந்தக் காற்றில் நின்றது. அந்த வருட வாகனப் பரிசோதனையில் அதிகாரி அடியில் குனிந்து செசியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பழுப்புச் செதில்கள் உதிர்ந்தன. செசி என்பது லொறியின் அடிச்சட்டம். எஞ்சினும் பெட்டியும் சில்லுகளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதைச் சரிசெய்து கொண்டுவந்து காட்டும்வரை லொறி பாதையில் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

ஜம்பட்டா வீதியில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் மெக்கானிக்கின் கராஜ் இருந்தது. அங்கே லொறியின் பெட்டியையும் எஞ்சினையும் கழற்றி இறக்கி, செசியை மரக்கட்டைகளின் மேல் வைத்தார்கள். உக்கிப்போன இடங்களை வெட்டி, புது இரும்பு வைத்து ஒட்டினார் நானா. இனிக் கறள் பிடிக்காமல் காப்பது எப்படி என்பதுதான் கேள்வி. பள்ளி விட்டு நான் அங்கே போனபோது மூன்று பேரும் செசியைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மாமா துறைமுகத்துப் பக்கம் ஒரு யாட்டில் வேலை பார்த்தார். கப்பல் சங்கிலிகளையும் ஏணிகளையும் உருகிய நாகத்தில், அதாவது துத்தநாகத்தில், முக்கி எடுக்கும் இடம் அது. தண்ணீர் வாளிக்குப் பூசியிருக்கும் அதே உலோகம்தான்.

"பெயின்டுக்கு இது அடங்காது, அத்தான். எங்கட யாட்டுக்குக் கொண்டு வாங்க. ஒரே முக்கு. பிறகு உங்கட பேரப்பிள்ளைதான் கறளைப் பாக்கும்."

"ரெட் ஒக்சைட் ரெண்டு கை, மேல கறுப்பு ஒரு கை," என்றார் அப்பா. "எங்க கறள் வருதெண்டு கண்ணுக்குத் தெரியும். சுரண்டிப்போட்டுத் திரும்ப அடிக்கலாம்."

"அப்ப வருசா வருசம் லொறிக்குக் கீழதான் குடியிருப்பீங்க. அக்காவ அங்கேயே சோறு கொண்டு வரச் சொல்லுங்க."

நானா சிரித்தார். "முக்குறது நல்லந்தான். ஆனா முதல்ல அசிட்டில கழுவுவாங்க, அது உள்ளுக்கு நிண்டா இரும்பத் திண்டுடும். ஓட்டை போட்டுத்தான் அனுப்போணும்."

அந்த வாரம்தான் விஞ்ஞான ஆசிரியை எங்களுக்குத் துருப்பிடித்தல் பாடத்தை முடித்திருந்தார். வீட்டில் கறள் என்று சொல்வதைப் புத்தகம் துரு என்று சொன்னது. அந்த ஒரு சொல்லே என்னை அப்பாவைவிட ஒரு படி உயர்த்திவிட்டதாக நினைத்திருந்தேன். பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். மூன்று சோதனைக் குழாய்கள், அவற்றுக்குள் மூன்று ஆணிகள், பக்கத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று'. நடுவில் நின்று உரக்க வாசித்தேன்.

"நாகம் இரும்பிலும் பார்க்கத் தாக்கம் கூடியது. ஆகவே நாகமே முதலில் அரிப்படையும். இரும்பு பாதுகாக்கப்படும். இம்முறை கல்வனைசுப்படுத்தல் எனப்படும்."

வாசித்து முடித்துவிட்டு, கொப்பியில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். "பெயின்டில ஒரு கீறல் விழுந்தாச் சரி, முடிஞ்சுது. இது கீறல் விழுந்தாலும் காக்கும். உங்களுக்கு அது விளங்காது, அப்பா."

மாமா கையைத் தட்டினார். "ஒங்கட மகள் இன்ஜினியர் கணக்கா பேசுறா," என்றார் நானா.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய கை செசியின் முன்பக்க வலது சட்டத்தின் மேல் இருந்தது. பெருவிரலால் ஓரிடத்தை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"சரி. மகள் சொல்றா. முக்குவம்."

இரண்டு நாள் கழித்து, பள்ளியில் விஞ்ஞானக் கொப்பியைத் திறந்தபோது அந்த ஆணிப் படம் இருந்த தாளைக் காணவில்லை. கடைசிப் பக்கங்களில் ஒரு வெற்றுத் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். நடுவில் கம்பி அடித்த கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் சோடித் தாளும் கழன்றுவிடும். என் 'மிக நன்று' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. கொப்பியைச் சரியாகப் பேணவில்லை என்று ஆசிரியை எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா மறைக்கவில்லை.

"நான்தான் கிழிச்சனான். வெறும் தாளெண்டு நினைச்சன்."

"படிச்சிருந்தா கொப்பிட அருமை தெரிஞ்சிருக்கும்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஒரு தாள்தானே, மகள். புதுக் கொப்பி வாங்கித் தாறன்," என்றார் அப்பா.

எதற்குக் கிழித்தார் என்று நான் கேட்கவில்லை. ஆணி சுற்றவோ கிறீஸ் துடைக்கவோ எடுத்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்துச் செசி யாட்டுக்குப் போனது.

திரும்பி வந்தபோது அது வெள்ளிபோல் இருந்தது. ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கராஜுக்கு வந்து பார்த்தார்கள். நான் தாக்கம், அரிப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் அப்பா, "மகள் சொல்லித்தான் செய்தனான்" என்று சொன்னார். நானா பெட்டியையும் எஞ்சினையும் மறுபடி ஏற்றினார்.

பரிசோதனை நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. வாசிக்க ஆள் வேண்டும் என்று அப்பாவும் மாமாவும் என்னையும் கூட்டிப் போனார்கள். அப்பா வழக்கம்போல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். நேரமாகிறது என்று நான் அவசரப்படுத்தினேன். விஞ்ஞான முறைப்படி செய்த வேலைக்கு அந்தோனியாரின் உதவி எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

அதே அதிகாரிதான். குனிந்து பார்த்தார், சுத்தியலால் தட்டினார், செசி மணிபோல் ஒலித்தது. தலையை ஆட்டினார். பிறகு லொறியின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பக்க வலது சட்டத்துக்கு வந்து கையால் தடவினார். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார்.

"நம்பர் எக்க கோ?" நம்பர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒவ்வொரு செசியிலும் ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் அது நம்முடைய லொறி. அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. எண்ணின் பள்ளங்களுக்குள் நாகம் இறங்கி நிரம்பி, கண்ணாடிபோல் மூடியிருந்தது.

மாமாவின் முகம் மாறியது. "இங்கதான் சேர் இருந்தது," என்று சிங்களத்தில் தொடங்கி, அப்பாவின் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தார். "சங்கிலிக்கு நம்பர் இல்லயே, அத்தான். எனக்கு எப்பிடித் தெரியும்?"

புதுப் பளபளப்பில், நம்பர் இல்லாத செசி. இது களவு லொறியின் செசி இல்லை என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். பொலிஸுக்கு எழுத வேண்டிவரும், லொறி இங்கேயே நிற்கட்டும் என்றார். பேனாவைத் திறந்தார். நான் வாசித்த வரிகளில் நம்பரைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா லொறிக்குள் ஏறினார். சாரதி இருக்கைக்கு மேலே ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தின் பின்னாலிருந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்து விரித்தார். நீலக் கோடு, சிவப்பு ஓரக்கோடு. என் கொப்பித் தாள். அது முழுவதும் பென்சிலால் கருமையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அந்தக் கருமையின் நடுவே வெள்ளையாக ஒரு வரிசை எழுத்தும் எண்ணும். இடது பக்கத்தில் ஆணித்துளை ஒன்றின் வட்டம். செசி யாட்டுக்குப் போகுமுன் அந்த இடத்தில் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த படி அது.

தாளின் வட்டத்தைச் செசியின் ஆணித்துளைக்கு நேராகப் பிடித்து, சட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார். அதிகாரி தாளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். தன் கண்முன்னாலேயே அராவச் சொன்னார். அப்பா தன் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து, அவசரமில்லாமல், மேற்பூச்சு மட்டும் போகும்படி இழுத்தார். இரும்பு கறுப்பாகத் தெரியத் தொடங்கியது. எண்களின் பள்ளங்களில் மட்டும் நாகம் தங்கி நின்றது. கறுப்பில் வெள்ளியாக, ஒவ்வொரு எண்ணும் மேலே வந்தது.

அதிகாரி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, இப்படிச் செய்து வைக்க யார் சொன்னது என்று கேட்டார்.

"மகே துவ, சேர்," என்றார் அப்பா. என் மகள். அவள் படிக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையாட்டினேன்.

பள்ளி தொடங்கியதும் அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னேன், அப்பா சொன்ன மாதிரியே.

அராவிய இடத்தில் இரும்பு வெறுமையாக இருந்தது. அன்று மாலையே அப்பா அதில் விரலால் கிறீஸ் தடவினார். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு. வெள்ளிச் செசியின் அழகு கெட்டுவிட்டது என்று நான் முறையிட்டேன்.

"மிச்சத்த உன்ர நாகம் பாக்கட்டும்," என்றார். "இந்த இடத்த நான் பாக்கிறன்."

இப்போது நான் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். லொறி இன்னும் ஓடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை அப்பா குனிந்து அந்த இடத்தைத் துடைத்துப் புதுக் கிறீஸ் தடவுகிறார். மற்ற இடங்களில் கறள் இல்லை. புத்தகம் சொன்னது பொய்யில்லை. தாளும் அந்தோனியாருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

செசி யாட்டுக்குப் போக இருந்த கடைசி நேரத்தில்தான் அப்பாவுக்கு நம்பரின் நினைவு வந்திருக்கும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். ஆனால் தாள் கிழிந்த நாளை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் செசி நானாவின் கட்டைகளின் மேல்தான் கிடந்தது. ரெட் ஒக்சைட் டின்னும் அங்கேதான் இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல அப்பாவுக்கு நேரம் இருந்தது. நான் அந்த இரண்டு நாளும் அவரோடு பேசவில்லை. என் தாளைக் கிழித்துவிட்டாரே என்று.