மிச்ச டேப்பில் ஊதிய ஜாடி

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தொழிலில், வாடிக்கையாளர் கேட்ட பாட்டு ஒருநாளும் டேப்பின் நீளத்துக்குச் சரியாக வராது. கடைசியில் ஐந்து நிமிடம் மிஞ்சும். காலியாக விட்டால் ஏமாற்றிவிட்டோம் என்பார்கள். அதனால் நம் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்புவோம். அந்தத் தலைவலியைப் பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயில் பார்க்க வந்த அமெரிக்கர் ஒருவர் காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த கடையில் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுபது வருடத்துக்கு முந்தைய 'ஜக் பேண்ட்' இசை. வாத்தியம் வாங்க வழியில்லாத கறுப்பினக் கலைஞர்கள் சாராய ஜாடியின் வாயில் ஊதி, துணி துவைக்கும் தகரப் பலகையைச் சுரண்டி, ஊரையே ஆடவைத்திருக்கிறார்கள். நான் சொக்கிப்போனேன். அன்றிலிருந்து மிச்ச டேப்பில் எல்லாம் ஜாடிதான்.

பூஜையறையில்

சின்ன காஞ்சிபுரத்து ரிடையர்டு வாத்தியார் ஒருவருக்கு ஸ்லோகங்கள் பதிந்து கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டார். பூஜையறையில் மங்களம் முடிந்த கையோடு ஜாடி முழங்கியிருக்கிறது. சங்கீத ஞானம் உள்ளவர், பாராட்டுவார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

"பெருமாளுக்குத் தளிகை காட்டற நேரத்துல, எவன்ப்பா அது காலிக் குடத்துல ஊதறது?"

கிடார் பக்தன்

முதலாளி எச்சரித்தார். கேட்பேனா? அடுத்து மாட்டியவன் முடி வளர்த்த ஒரு கல்லூரி மாணவன். இங்கிலாந்து கிடார் கோஷ்டி என்றால் உயிர். ஜாடியைக் கேட்டுவிட்டு 'பிச்சைக்காரப் பாட்டு' என்றான். எனக்கு வந்ததே கோபம். இந்த இசையின் வழியில்தான் இங்கிலாந்துப் பையன்கள் துவைக்கும் பலகையும் மலிவு கிடாருமாக மேடையேறினார்கள், அவர்களில் சிலர்தான் இன்று உன் தெய்வங்கள் என்று கால்மணி நேரம் வகுப்பெடுத்தேன். கொட்டாவி விட்டான்.

"அவங்கல்லாம் கிடார் வாங்கிட்டாங்கண்ணே. நீங்கதான் இன்னும் ஜாடிய ஊதிக்கினு இருக்கீங்க."

மாகறல் மச்சான்

இன்னொரு புகார் வந்தால் நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார் முதலாளி. என் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர். ஏற்கெனவே வெளியே போய்விட்ட கேசட்டுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்; விரல் போதவில்லை.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் கேசட்டோடு வந்தார். கடைசியில் ஊதுகிற பாட்டை யார் போட்டது என்று முதலாளியிடமே கேட்டார். முதலாளி ஆனந்தமாக என்னைக் கைகாட்டினார். நான் செருப்பைத் தேடினேன்.

"மாகறல்லேந்து வந்த மச்சான் பத்து நாளா கிளம்பல. தறிப் பக்கம் எட்டிப் பாக்காம, மூணு வேளையும் துன்னுக்கினு இருந்தாரு. இத்த திருப்பித் திருப்பிப் போட்டேன், நேத்து பொட்டியத் தூக்கிட்டாரு. ரெண்டு பக்கமும் இதையே போட்டுக் குடுப்பா, பொங்கலுக்கு மறுபடி வராரு."

கடல் தாண்டிப் போய் எத்தனையோ பேரைப் பாட்டுக்காரர்களாக்கிய ஜாடி, காஞ்சிபுரத்தில் சாதித்தது ஒரு சோம்பேறியை பஸ் ஏற்றியதை மட்டும்தான். என் வேலையும் அந்த மகானின் புண்ணியத்தில்தான் தப்பியது.