டிஸ்க்கின் பழைய முதலாளி

"இனி இது உன்னோடதுதான் லா, எடுத்துக்கோ" என்று புக்கிட் காதில் ஊரில் இருக்கும் மச்சான், அதாவது அக்காவின் கணவர், தன் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். மெர்டேக்கா எனும் சுதந்திர தின விடுமுறையன்று காஜா பெராங்கில் உள்ள என் வீட்டில் அதை என் கணினியில் இரண்டாவதாக மாட்டி, புது கேமை ஏற்றப் பார்த்தேன். 'அனுமதி இல்லை' என்றது. என் வீட்டு மின்சாரத்தைத் தின்றுகொண்டு எனக்கே அனுமதி இல்லையாம்! கேபிளைக் கழற்றி மாட்டியும் அசையவில்லை. கடைசியில்தான் புரிந்தது: டிஸ்க் இன்னும் மச்சானின் பழைய கணக்கையே உரிமையாளராக வைத்திருந்தது. டிவியில் சுதந்திர அணிவகுப்பு ஓடிக்கொண்டிருக்க, செட்டிங்ஸில் புகுந்து உரிமையை என் பெயருக்கு மாற்றினேன். கேம் சமர்த்தாக ஏறியது. பெருமையோடு மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"யாரைக் கேட்டு மாத்துன?" என்றார்.