அத்தான் வீட்டில் கட்டிய ஆர்கான் வெல்டிங்

சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிய ஒரு கைப்பிடி. அதன் நுனியில் பென்சில்போல் கூர்தீட்டிய டங்ஸ்டன் கம்பி. அத்தானை நினைத்தால் முதலில் அதுதான் கண்முன் வருகிறது. அவர் என் அக்காவின் கணவர். திருவனந்தபுரத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் பழவங்காடிக்குப் பின்னால் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நான் துணிக்கடையில் வேலை பார்த்தேன்.

என் தங்கைக்குச் சிறு வயதிலேயே போலியோ. காலைத் தாங்கும் காலிப்பர் மாட்டினால்தான் நடப்பாள். தட்டச்சு வேலைக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு வந்த வாரம் பார்த்து, காலிப்பரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை கணுக்காலருகே விண்டுவிட்டது. புதியதற்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். சாதாரண வெல்டிங் வைத்தால் அந்த மெல்லிய பட்டை உருகி ஓட்டை விழும். ஆர்கான் வாயு மூடிக் காக்க, நிதானமாக ஒட்டுகிற வெல்டிங் வேண்டும். அத்தானின் பட்டறையில் அது கிடையாது. "அதுக்கென்ன, வீட்டிலயே கட்டிரலாம்" என்றார். சொன்ன கையோடு இறங்கியும் விட்டார். சாலைக் கடைத்தெருப் பழைய இரும்பில் தேடி எடுத்த வெல்டிங் டார்ச்சு. பட்டறையில் ஒதுக்கிப் போட்ட டிரான்ஸ்பார்மர். கரண்டை ஒரே திசையில் ஓடவைக்க, அலுமினியத் தகட்டில் முடுக்கிய டயோடுகள். விழிஞ்ஞத்துக் கூட்டாளி ஒருவர், அடியில் கொஞ்சம் ஆர்கான் மிச்சமிருந்த சிலிண்டரைக் கொடுத்தார்.

"ஒருதரத்துக்குக் காணும்" என்றார் அத்தான்.

தேர்வுக்கு முந்தைய நாள் மதியம், பின்கட்டில் வேலை தொடங்கியது. "எல்லாரும் செவரப் பாத்துத் திரும்பிக்கிடுங்க, கண்ணு போயிரும்" என்று அதட்டினார். பொறி பற்றியதும் பக்கத்து வீட்டு ரேடியோ முனகி அடங்கியது. நான் மட்டும் ஓரக்கண்ணால் அவர் முதுகைப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பாவமாக இருந்தது; கைக்கெட்டிய டேபிள் ஃபேனின் சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

அந்தக் காற்று ஆர்கானை அடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அத்தான் முகமூடியைத் தூக்கினார். ஒட்டிய இடம் கருத்துப்போய், ஆப்பம்போல் துளைதுளையாக இருந்தது. சிலிண்டரும் தீர்ந்துவிட்டது.

"ஃபேன ஆரு போட்டா?" என்றாள் தங்கை.

அத்தான் என் முகத்தை ஒரே ஒரு முறை பார்த்தார். "நாந்தான் மக்ளே காலால தட்டிவிட்டேன். வேர்வை பொறுக்கல, கேட்டியா."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடம் போன பிறகு, எந்த நிமிடத்தில் திறப்பது என்று எனக்குத் தெரியவும் இல்லை.

மறுநாள் காலை, "ஆட்டோ பிடிச்சு, படியில தூக்கிட்டுப் போறேன் மக்ளே" என்று அத்தான் கெஞ்சினார். "தூக்கிக் கொண்டு எறக்கினா எனக்கு வேலை தருவாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். தேர்வு நேரமான பத்து மணியும் தாண்டியது.

அதற்குப் பிறகு காலிப்பரில் ஒரு திருகு கழன்றால்கூட அவள் அத்தானிடம் கொடுத்ததில்லை. பையில் போட்டுத் தம்பானூரில் யாரிடமோ கொண்டுபோவாள். அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அத்தான் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் என் மகன் சூட்கேஸ் அளவில் ஓர் ஆர்கான் வெல்டிங் மெஷின் வாங்கிவந்து, ஷெட்டில் ஜன்னல் கம்பியை ஒட்ட உட்கார்ந்தான். வேடிக்கை பார்க்க வந்த தங்கை, "ஃபேன அணைச்சிட்டுச் செய்யிடே. உங்க மாமா அன்னைக்குச் செஞ்ச மாதிரி செஞ்சிராத" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.