பேனாக் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும் டிவி முன்னால் இருப்பார்கள். நான் மட்டும் காரின் முன்மூடிக்குக் கீழே டார்ச்லைட் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஈப்போவை ஒட்டிய எங்கள் சிலிபினில் எங்கள் காரைவிடப் பழைய காரை நான் பார்த்ததில்லை. அதை அப்பா கவனித்த அளவுக்கு ஒரு காரை யாரும் கவனித்தும் பார்த்ததில்லை. பிரேக் எண்ணெய் இருக்கும் வெள்ளை டப்பாவை முதலில் துணியால் துடைப்பார். மூடியைச் சுற்றித் துடைப்பார். பிறகு துணியை உதறிவிட்டு மறுபடியும் துடைப்பார். ஒரு தூசி உள்ளே விழுந்துவிடக் கூடாதாம். அத்தனையும் முடிந்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்கும்வரை என் கை ஆடக் கூடாது. எனக்குப் பத்து வயது. கை ஆடும். "நேரா புடிம்மா" என்பார், வாராவாரம்.

ஒரு ஞாயிறன்று மட்டம் டப்பாவில் அச்சடித்திருக்கும் கீழ்க் கோட்டருகே இறங்கியிருந்தது. அப்பா புது பாட்டிலைத் திறந்து மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றினார். பிறகு என் பள்ளிப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எண்ணெய் நின்ற இடத்தில் டப்பாவின்மேல் ஒரு கோடு போட்டார்.

"ஒர்க்‌ஷாப்ல காட்டுங்க லா" என்றார் அம்மா வாசலிலிருந்து.

"பிரேக் கட்டை தேஞ்சாலும் கொஞ்சம் இறங்கும். எங்கயாவது ஒழுகுனா ஒரே வாரத்துல தெரிஞ்சிரும். அடுத்த ஞாயிறு இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா, காரு ஒர்க்‌ஷாப்புக்குத்தான். பாரிட் புந்தாருக்கு இல்ல."

பாரிட் புந்தாரில் அந்த ஞாயிறுதான் சித்தி புதுவீட்டில் பால் காய்ச்சுவதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வயல் வாய்க்கால். சித்தி மகள் எனக்காக ஒரு மீன்வலையை ஒளித்து வைத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு நினைப்பில்லை.

சனிக்கிழமை மாலை அப்பா மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனதும் முன்மூடியைத் தூக்கினேன். எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அலமாரியில் மீதி பாட்டில் இருந்தது. அப்பாவைப் போலவே துடைத்தேன், இரண்டு முறை. கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா குனிந்து பார்த்தார். நான் டார்ச்லைட்டை ஆடாமல் பிடித்திருந்தேன்.

"கோட்டுலயே நிக்குது. கெளம்புங்க, போலாம்" என்றார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

சுங்கை சிப்புட் தாண்டி ஒரு இறக்கத்தில் முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். அப்புறம் மிதித்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க" என்றார் அம்மா.

அப்பா கியரைக் குறைத்து, காரைச் சாலையோரப் புல்லில் இறக்கினார். கார் குலுங்கிக் குலுங்கிப் போய் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. அம்மா மடியிலிருந்த சீர்த்தட்டு சரிந்து ஆப்பிள்கள் காலடியில் உருண்டன. யாருக்கும் அடி இல்லை.

அது உறுதியானதும் அம்மா ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழமன்னா இதே வேல. தொடைக்கிறது, குனியிறது, பாக்கறது. என்னத்தங்க பாத்தீங்க? புள்ளைய வச்சிக்கிட்டு என்னத்தப் பாத்தீங்க?"

"கோட்டுல இருந்துச்சு" என்றார் அப்பா. "நா பாத்தேன்."

சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. "அண்ணே, இது நேத்து இன்னைக்கு ஒழுகல. எண்ணெய் நல்லா எறங்கியிருக்குமே. பாக்கலியா?"

அப்பா மறுபடியும், "கோட்டுல இருந்துச்சு" என்றார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. மெக்கானிக் சிரித்தார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் கோபத்தைத் தாங்க ஏற்கெனவே ஒருவர் நிற்கும்போது நான் வேறு எதற்கு என்று தோன்றியது. வலை போயிற்றே என்ற எரிச்சலும் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா முன்மூடியைத் திறக்கவே இல்லை. கார் மாதாமாதம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. எனக்கு ஞாயிறுகள் கிடைத்தன. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, உயர அடுக்கில் சரக்கு ஏற்றும் வேலை வேண்டாம் என்று தானாகவே கேட்டு மாறிக்கொண்டார். அம்மாவுக்கு அதிலும் கோபம்.

ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அம்மா.

"கண்ணு நல்லா இருக்காம். கண்ணாடியே வேணாமாம்."

"அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

எனக்கும் அதே சந்தேகம்தான். நல்ல செய்தியைக் கொண்டுவந்த மனிதர், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசல்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணில் கோளாறு என்று சொல்லியிருந்தால் அவர் எவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. டிவி வாசலை ஒட்டி இருந்தது. மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றேன். தள்ளி உட்கார்ந்தார்.