புதன்கிழமைக்கு ஒரு பேச்சாளர் வேணும்

சேவைக் கழகத்துக்குப் பேச்சாளர் பிடிக்கிற வேலையில வந்தவர் நல்லாப் பேசினா அவருக்குக் கைதட்டு, அலட்டினா எனக்கு ஏச்சு.

நான் பரந்தன் சந்தியில பாமசி வைச்சிருக்கிறன். ஒரேயொரு கூட்டத்துக்குப் போகாமல் விட்டனான். அந்தக் கூட்டத்திலயே என்னை நிகழ்ச்சிச் செயலாளர் ஆக்கிப்போட்டினம். புதன்கிழமை பின்னேரம் ஒவ்வொரு கிழமையும் ஒரு விருந்தினர் வந்து பேசவேணும். வியாழன் விடிஞ்சா, அடுத்த புதனுக்கு ஆர் எண்ட கவலை துவங்கிடும். உங்களிலயும் ஆராவது கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் எண்டு செயலாளர் பதவியில மாட்டுப்பட்டிருப்பியள். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எந்தப் பக்கம்?

முதல்முதல் நான் பிடிச்சது ஒரு இளம் டொக்டரை. பிறஷரைப் பற்றிப் பேச வந்தவர். எங்கட தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எழும்பி நிண்டு, "எங்கட விருந்தினர் பூவரசங்குளத்தைச் சேர்ந்தவர்" எண்டு அறிமுகத்தில ஒரு வசனம் சொன்னதுதான் தாமதம், பின்வரிசையில இருந்து, "தம்பி, பூவரசங்குளத்தில எந்தப் பக்கம்?" எண்டு ஒரு குரல். பிறகென்ன! தகப்பன் ஆர், தாய் எந்த ஊர், தாயின்ர தமையன்தானே முந்தி மாங்குளத்தில சைக்கிள் கடை வைச்சிருந்தவர்... ஒருத்தர் வவுனியாவில இருக்கிற தன்ர மச்சாளுக்கு ஃபோன் எடுத்து, ஸ்பீக்கரில போட்டு எல்லாத்தையும் உறுதிப்படுத்தினார். கடைசியில, டொக்டர் எங்கட பொருளாளர் நல்லையா அண்ணைக்கு மருமகன் முறை எண்டு முடிவாச்சு. சபைக்குப் பெரிய சந்தோசம்.

அதுக்குள்ள நேரம் முடிஞ்சுதெண்டு தலைவர் மணியைத் தட்டிட்டார். பிறஷரைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னது, "உப்பைக் குறையுங்கோ" எண்ட ஒரு வசனம்தான். தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டவரிட்டப் போய் மன்னிப்புக் கேட்டன். மனுசன் சிரிச்சுக்கொண்டு சொன்னார்:

"பரவாயில்லை அக்கா, அடுத்தமுறை சாதகத்தையும் கொண்டு வாறன்."

எழுதி வைச்ச நன்றி

நன்றியுரை நல்லையா அண்ணையின்ர பொறுப்பு. முதல்நாளே கொப்பியில வடிவா எழுதிப்போடுவார். ஒருமுறை நெல்லுப் பூச்சியைப் பற்றிப் பேச வேண்டிய விவசாயப் போதனாசிரியர், மோட்டர்சைக்கிள் பழுதாகி வழியில நிண்டிட்டார். எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. நல்லகாலம், முல்லைத்தீவுப் பாத்திமா ரீச்சர் மருந்து வாங்கக் கடைக்கு வந்தவா. அவாவைக் கையோட கூட்டிக்கொண்டு ஓடினன். பிள்ளையள் நெடுக ஃபோன் பாக்கிறதைப் பற்றி அவா என்னமாப் பேசினா!

நல்லையா அண்ணை எழும்பினார். "கபிலத்தத்திப் பூச்சியை அடியோடு ஒழிக்கும் வழிகளை எமக்குக் கற்பித்த ஐயா அவர்களே" எண்டு துவங்கி, கடைசி வரி வரைக்கும் வாசிச்சு முடிச்சார். ரீச்சர் முக்காட்டுத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. எனக்கு வந்த கோவத்துக்கு, "அண்ணை, அவா பேசினதில ஒரு சொல்லாவது கேட்டனீங்களோ?" எண்டன். அவர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டுச் சொன்னார்:

"நான் எழுதினதில ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை, அவாதான் வேற எதையோ பேசிப்போட்டா."

ஜீப்பைக் கண்டவை

இப்பிடியே போய், கூட்டத்துக்கு வாற ஆக்கள் குறைஞ்சு குறைஞ்சு ஏழெட்டுப் பேராச்சு. கொழும்பில இருந்து கடிதம் வந்துது: வலயத் தலைவர் நேரில வருவார், இருபது பேராவது வரவுப் புத்தகத்தில கையெழுத்து வைக்காட்டி, எங்களை வவுனியாக் கழகத்தோட சேர்த்துப்போடுவினமாம். பேர் போனாப் போகட்டும். ஆனா எங்கட பின்னறையில இரவல் குடுக்க வைச்சிருக்கிற சக்கர நாற்காலியள், நோயாளர் கட்டிலுகள் எல்லாம் வவுனியாவுக்குப் போயிடும். நடக்க ஏலாத மனுசர் சக்கர நாற்காலி கேட்டு வவுனியாவுக்கோ பஸ் ஏறுறது?

நல்ல பேச்சாளர் வந்தாச் சனம் வரும் எண்டு நீர்ப்பாசன எஞ்சினியரைக் கூப்பிட்டன். தலைப்பு, காலநிலை மாற்றம். அங்கதான் பிழைவிட்டன். அது வாய்க்காலுக்குத் தண்ணி பிந்தின கிழமை. எங்கட உறுப்பினரில அரைவாசிப்பேர் கமக்காரர், எல்லாரும் வயலில. வட்ஸ்அப்பில, "வாய்க்காலில நிக்கிறன்" எண்டு வரிசையா மறுமொழி. மண்டபத்தில நாங்கள் நாலுபேர், எஞ்சினியர், வலயத் தலைவர். அவர் வெறும் வரவுப் புத்தகத்தைப் புரட்டுறார். எனக்குக் கண் கலங்கிட்டுது.

திடீரெண்டு வெளியில மோட்டர்சைக்கிள் சத்தம், பின்னால உழவு மிசின் சத்தம். எஞ்சினியரின்ர ஜீப் வாசலில நிக்கிறதை ஆரோ கண்டிட்டினம். சேத்துக் காலோட கமக்காரர், முக்கால்வாசிப்பேர் எங்கட உறுப்பினரே இல்லாதவை, உள்ளுக்க வந்து, கதிரை போதாமல் சுவரோட நிண்டினம். "ஐயா, தண்ணி எப்ப திறப்பியள்?" தலைவர் தட்டின மணி ஒருத்தருக்கும் கேக்கேல்லை. எஞ்சினியர் காலநிலையை மடிச்சு வைச்சிட்டு, பலகையில வாய்க்காலைக் கீறி, எந்த இடத்தில கட்டு உடைஞ்சது, எப்ப சரிவரும் எண்டு விளங்கப்படுத்தினார். நான் வரவுப் புத்தகத்தை முன்வரிசையில நீட்டினன். கூட்டத்தில கையெழுத்துக்கு எது வந்தாலும் அது மனுதான் எண்டு எங்கட சனத்துக்கு நினைப்பு; ஒருத்தரும் ஒண்டும் கேக்காமல் கையெழுத்து வைச்சினம். நானும் வாய் திறக்கேல்லை. வலயத் தலைவர் என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார்:

"இவ்வளவு ஆர்வமாக் கேள்வி கேக்கிற உறுப்பினர்களை நான் கொழும்பிலயும் காணேல்லை!"

கையெழுத்தின்ர பலன்

கழகம் தப்பிச்சுது, சக்கர நாற்காலியும் தப்பிச்சுது. ஆனா எனக்கு நித்திரை இல்லை; சனத்தை ஏமாத்திப்போட்டன் எண்டு மனம் குத்திச்சு. அடுத்த புதன் மண்டபத்துக்குப் போனா, அதே கமக்காரர் எனக்கு முதலே வந்து கதிரை பிடிச்சு இருக்கினம். உண்மையைச் சொன்னன்: "குறை நினையாதேங்கோ, அண்டைக்கு நீங்கள் கையெழுத்து வைச்சது மனு இல்லை, எங்கட வரவுப் புத்தகம்." முன்னுக்கு இருந்த கமக்காரர் கந்தசாமி அண்ணை மேசையில கிடந்த உறுப்பினர் படிவத்துக்குக் கையை நீட்டினார்:

"அது என்னவாயும் இருக்கட்டும் பிள்ளை, கையெழுத்து வைச்சம், தண்ணி வந்திட்டுது, உரத்துக்கு ஆரைக் கூப்பிடப்போறாய்?"

இப்ப எங்கட கழகத்தில உறுப்பினருக்கு ஒரு குறையும் இல்லை, பேச வரத்தான் ஒரு அதிகாரிக்கும் துணிவில்லை.