பன்னிரண்டு சொற்களும் ஒரு பூஜ்யமும்

போன சனிக்கிழமை சேலத்து பஸ்ஸிலிருந்து என் மகள் சரஸ்வதி ஒரு நோட்டும் கையுமாக வந்து இறங்கினாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். மனோதத்துவப் பாடத்துக்காக வீட்டில் ஒருவருடைய ஞாபகசக்தியை அளந்து எழுதிப் போக வேண்டுமாம்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் பயிற்சி மாணவனாக நானும் செய்த சோதனையாயிற்றே!

சோதனை சுலபம். அர்த்தமே இல்லாத பன்னிரண்டு சொற்களை மூன்று தடவை வாசித்துக் காட்ட வேண்டும். உடனே எத்தனை சொல்ல முடிகிறது? மறுநாள் எத்தனை மிஞ்சுகிறது? அவ்வளவுதான்.

"அம்மாகிட்டயே வெச்சுப் பார்க்கறேன்" என்று சரஸ்வதி சமையலறைக்குள் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பழைய கதைக்குப் போக வேண்டும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். ராசிபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். மனைவி நல்லம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சந்தைக்குப் போய்த் திரும்பும்போது மாட்டுவண்டியில் மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, நானும் மேல படிச்சு டீச்சர் ஆக முடியுமுங்களா?"

படிக்கிற பையன் என்கிற மிதப்பு எனக்கு. "லீவுக்கு வாரப்ப ஒரு டெஸ்ட் வைக்கிறேன். ஞாபகசக்தி எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த முகம்… இப்போதும் கண்ணில் நிற்கிறது.

லீவில் வந்தேன். வீட்டில் எல்லாரையும் முன்கூடத்தில் கூட்டினேன். மறுநாளும் ஒருமுறை கேட்பேன் என்று சொல்லிவைத்தேன். மிடு, லபே, கொசி, தூழா, நெபு, ராடி… என்று கம்பீரமாக வாசித்தேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏஞ்சாமி, இப்படி உளறிப் பழகவா உன்னையச் சேலத்துக்கு அனுப்பிச்சோம்?"

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அப்பா ஏழு. அண்ணன் ஆறு. அம்மா ஐந்து. அண்ணி நான்கு. கடைசியில் என் மனைவி… கதவோரம் நின்றபடி இரண்டே இரண்டு. "அவ்வளவுதானுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் மற்றவர்களை மறுபடி கேட்டேன். அவளை மட்டும் கேட்கவில்லை. இரண்டு சொன்னவளுக்கு மறுநாள் என்ன மிஞ்சியிருக்கப் போகிறது? நானே ஒரு பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டேன். படிப்பைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. முடிந்தது.

'ஆணுக்கு ஞாபகசக்தி அதிகம்; வயது ஏற ஏற அது பெருகுகிறது' என்று நான்கு பக்கத்துக்கு ஆராய்ந்து எழுதினேன். கட்டம் போட்ட காகிதத்தில் அப்பாவிலிருந்து நல்லம்மாள் வரை கோடு படிப்படியாக இறங்கியது. எங்கள் வாத்தியார் பத்துக்கு ஒன்பது போட்டார். நோட்டை இன்றுவரை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்!

சரி, போன சனிக்கிழமைக்கு வருவோம்.

சமையலறையிலிருந்து சரஸ்வதி கத்தினாள். "அப்பா! நான் ஒண்ணு வாசிச்சா அம்மா வேற என்னமோ சொல்றாங்க!"

எட்டிப் பார்த்தேன். நல்லம்மாள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். குழவி சுற்றுகிற சுற்றுக்கு ஒன்றாக வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மிடு… லபே… கொசி… தூழா…"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பன்னிரண்டும் சரி. வரிசைகூடப் பிசகவில்லை.

"அன்னிக்கு ரெண்டுதானே சொன்னே?"

குழவியை நிறுத்தாமலே சொன்னாள். "அத்தை அஞ்சு சொன்னாங்க. அக்கா நாலு சொன்னாங்க. நேத்து வந்தவ நான் பன்னெண்டு சொல்லிப்போட்டு அந்த ஊட்டுல எப்படிங்க இருக்கிறது?"

"அப்ப அண்ணி?"

"அக்காளுக்குப் பத்து தெரியுமுங்க. பொறகு ரெண்டு பேரும் கெணத்தடியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

அடக் கடவுளே! நான் அளந்தது யாருடைய ஞாபகசக்தியை? அந்த வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பதையல்லவா கட்டம் கட்டமாக வரைந்து, ஒன்பது மார்க்கும் வாங்கியிருக்கிறேன்! மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மருமகளைக் கேட்டால் என்ன பதில் வரும்? அதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நோட்டைக் கையில் பிடித்ததும் தெரியாமல் போயிற்று.

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

இப்போதுதான் குழவியை நிறுத்தினாள்.

"மறுநா இன்னொருக்கா கேப்பேன்னு சொன்னீங்களே. கெணத்தடிக்கு வந்து கேப்பீங்கன்னு நெனச்சேனுங்க. மறந்துறப் படாதுன்னு மாவாட்டறப்பவெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பறம் அதுவே பழகிப்போச்சு."

இருபது வருஷம்! வாரத்துக்கு இரண்டு நாள் மாவாட்டுவாள். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஏதோ முணுமுணுக்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளை எழுத்துக் கூட்ட வைத்த வாத்தியார் நான். வீட்டிலிருந்த ஒருத்தியைக் கேட்காமலே பூஜ்யம் போட்டு உட்காரவைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது… அதை மறைப்பானேன்?

பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். சரஸ்வதி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நல்லம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அதைத் திருத்தி இனி என்னங்க ஆகுது? புள்ள வெச்சிருக்குதே, அதாட்டம் எனக்கும் ஒரு நோட்டு வாங்கியாங்க. ஆறாங்கிளாஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

நாளைக்குக் கடைவீதிக்குப் போகிறேன். மறந்துவிடக் கூடாதே என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன் — எங்கள் வீட்டில் ஞாபகசக்தி குறைவான ஆள் யார் என்பது இப்போது உங்களுக்கும் தெரியுமல்லவா!